திரும்பி ஓடவைத்தவர்: ஜெக் சார்ள்டன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக் கால்பந்தாட்ட அணியில் நான் பல வருடங்கள் ஸ்டொப்பராக, அதாவது பின்களத்தின் நடுவில் நின்று தடுப்பவனாக, ஆடினேன். இப்போது அதே மைதானத்தில், பாடசாலை விட்டு வரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பின்களத்தில் நின்றவன் பயிற்றுவிப்பாளரானால் பதினொரு பேரையும் கோல் வாசலில் மதில்போல் நிறுத்திவிட்டு, பந்து வந்தால் கண்ட பக்கம் உதைக்கச் சொல்வான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதால் அந்தப் பேச்சைக் கேட்டுக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனால் பின்கள வீரரின் அனுபவத்துக்குள் வேறொரு அறிவும் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தியவர் எப்படிப் பயன்படுத்தினார், அதனால் எதை வென்றார், எதை இழந்தார் என்பதைப் பார்ப்பதற்காகவே இங்கிலாந்தின் ஜெக் சார்ள்டனை இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அவரைவிடப் பெரிய பெயர்கள் உண்டு. ஃப்ரான்ஸ் பெக்கன்பவர் 1974இல் அணித்தலைவராகவும் 1990இல் பயிற்றுவிப்பாளராகவும் உலகக் கிண்ணத்தைத் தூக்கியவர். எனினும் பெக்கன்பவரின் கால்களில் இருந்த வரத்தை எங்கள் பையன்களுக்குப் பாடமாகக் கொடுக்க முடியாது. சார்ள்டனிடம் அத்தகைய வரம் எதுவும் இருக்கவில்லை. நெடிய உடம்பும் கூர்ந்து பார்க்கும் கண்ணும் அடங்காத வாயும்தான் இருந்தன.

வரிசை வீடுகளும் சுரங்கமும்

சார்ள்டன் 1935 மே 8ஆம் திகதி இங்கிலாந்தின் வடகிழக்கில், நோர்தம்பர்லாந்துப் பகுதியின் அஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். சுரங்கத்தை நம்பி எழுந்த வரிசை வீடுகள், வேலை நேரத்தைக் கொண்டே நாளைக் கணக்கிடும் குடும்பங்கள், தகப்பன் போன வழியே மகனும் போவான் என்ற எழுதாத சட்டம் ஆகியவற்றைப் பற்றிப் படிக்கும்போது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவனுக்கு அதிகம் விளக்கம் தேவைப்படாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவையும் அந்த வீடுகளையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. அவர்களுடைய நிலைமை எங்களுடையதைவிட மேல். ஆனால் பதினைந்து வயதில் வேலைக்குப் பேர் பதிந்துவிட வேண்டும் என்ற நெருக்கடி இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

தாய்வழியில் அது கால்பந்தாட்டக் குடும்பம். மில்பேர்ன் குடும்பத்து மாமன்மார் நான்கு பேர் தொழில்முறையில் ஆடியவர்கள். நியூகாசிலின் புகழ்பெற்ற ஜெக்கி மில்பேர்ன் தாயின் ஒன்றுவிட்ட சகோதரர். வீட்டில் திறமைசாலி என்று எல்லாரும் பார்த்தது தம்பி பொபியை. லீட்ஸ் யுனைட்டெட் தேர்வுக்கு அழைத்தபோது ஜெக் முதலில் போகவில்லை. தகப்பனைப் போலச் சுரங்கத்தில் சேர்ந்தார். உள்ளே இறங்கிப் பார்த்த கொஞ்ச நாளிலேயே இது தனக்கு ஆகாது என்று விலகினார். பொலிஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். நேர்முகத் தேர்வும் லீட்ஸின் தேர்வாட்டமும் ஒரே நாளில் வந்தன. அவர் ஆட்டத்துக்குப் போனார். நோர்வூட்டிலோ பொகவந்தலாவையிலோ இதே நிலையில் நின்ற எத்தனையோ பையன்களை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத்தான் போனார்கள், அதில் தவறும் இல்லை.

இந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1966 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்து போர்த்துக்கலை 2-1 என்று வென்றபோது இரண்டு கோல்களையும் பொபி அடித்தார். ஜெக் பின்களத்தில் ஆடினார். தகப்பன் பொப் சார்ள்டன் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அன்று சுரங்கத்தில் வேலை. பிள்ளைகள் மாகாண மட்டத்தில் ஆடும் நாளில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிடும் என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடும் தாய்மாருக்கு இதை நான் சொன்னதுண்டு. ஒரு அம்மா கேட்டுவிட்டு, "அந்த ஊரிலும் கங்காணி இருந்தாரா?" என்றார்.

லீட்ஸில் இருபத்து மூன்று வருடம்

1950இல் லீட்ஸில் சேர்ந்தவர் 1973இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்துக்குப் போகவில்லை. லீக் ஆட்டங்கள் மட்டும் 629. ஆனால் இந்த எண்ணிக்கையைப் பார்த்து அவருடைய பயணம் நேர்கோடாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. முதல் பத்து வருடம் அவர் ஒழுங்கில்லாமல் ஆடுகிறவர், சக வீரர்களுடன் சண்டை பிடிக்கிறவர் என்ற பெயரோடுதான் இருந்தார்; அணியும் 1960இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1961இல் டொன் ரெவி பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்ற பிறகே பின்களத்துக்கு ஓர் அமைப்பு வந்தது. 1964இல் லீட்ஸ் மீண்டும் முதற்பிரிவுக்கு ஏறியது; 1969இல் லீக்கையும் 1972இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது.

இதற்கிடையில், ஆடிக்கொண்டிருக்கும்போதே, சார்ள்டன் லில்லிஷோலில் நடந்த பயிற்றுவிப்பாளர் பயிற்சிநெறிகளுக்குப் போனார். ஆட்டம் முடிந்த பிறகு பயிற்றுவிப்பாளர் ஆகலாம் என்று காத்திருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கால் ஓய்ந்த பிறகுதான் விசில் கைக்கு வருகிறது; அப்போது, ஆடும் வயதில் பார்த்ததையெல்லாம் பாதி மறந்துபோயிருப்போம்.

அவர் எதைப் பார்த்தார் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி லீட்ஸின் கோர்னர் உதை. எதிரணியின் கோல் கோட்டில், கோல் காப்பாளருக்கு நேர் முன்னால் போய் நிற்பது சார்ள்டனின் வழக்கமாயிற்று. அவர் பந்தைத் தலையால் அடிக்கவேண்டும் என்பதுகூட இல்லை. காப்பாளர் வெளியே வரும் வழியை அவருடைய உடம்பு அடைத்துவிடும். கோர்னர் நேரத்தில் தன் காப்பாளருக்கு எது தொல்லை என்று நூற்றுக்கணக்கான தடவை அருகிலிருந்து பார்த்தவருக்குத்தான் அந்த இடம் கண்ணில் படும். எதிரணிகள் முறையிட்டன. விதியில் அதைத் தடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

இங்கிலாந்து அணிக்கு அவர் முதன்முதலில் ஆடியது 1965 ஏப்ரலில், ஸ்கொட்லாந்துக்கு எதிராக. முப்பது வயதாக ஒரு மாதம்கூட இல்லை. மொத்தம் 35 ஆட்டங்கள், 6 கோல்கள். தன்னை ஏன் எடுத்தீர்கள் என்று அவர் இங்கிலாந்தின் பயிற்றுவிப்பாளர் அல்ஃப் ரம்சியிடம் கேட்டபோது, தான் திறமையில் முதல் பதினொரு பேரைத் தேடவில்லை, ஓர் அமைப்புக்குப் பொருந்துகிறவர்களையே தேர்கிறேன் என்ற கருத்தில் ரம்சி பதில் சொன்னதாக அவரே பின்னாளில் பலமுறை சிரித்தபடி சொல்லியிருக்கிறார். பயிற்றுவிப்பாளர் சார்ள்டனின் பாதிக் கொள்கை அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அந்த உலகக் கிண்ணத்தில் அவர் குறையில்லாமல் ஆடினார் என்றும் சொல்வதற்கில்லை: அரையிறுதியில் பந்து அவர் கையில் பட்டதால் போர்த்துக்கலின் யூசேபியோவுக்குப் பெனால்டி கிடைத்தது, இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் அவர் செய்த தவறால் கிடைத்த ஃப்ரீ கிக்கிலிருந்துதான் மேற்கு ஜேர்மனி சமன் செய்தது. மேலதிக நேரத்தில் இங்கிலாந்து 4-2 என்று வென்றது.

ஸ்டொப்பரின் பயம்

இனிச் சொல்வதுதான் இந்த ஆய்வின் நடு. பின்கள வீரனுக்கு எது பயம்? எதிரே பந்தோடு வருகிறவனா? இல்லை. அவன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறான். அவனுடைய இடுப்பைப் பார்த்து, தோளைப் பார்த்து, எந்தக் காலில் தள்ளுவான் என்று ஊகிக்கலாம். பயம், தலைக்கு மேலாகப் போய்த் தன் முதுகுக்குப் பின்னால் விழும் பந்து. அப்போது திரும்ப வேண்டும். திரும்பும் கணத்தில் பந்தையும் ஆளையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. சொந்தக் கோலைப் பார்த்தபடி ஓட வேண்டும். பின்னால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒன்று. ஒரு பக்கக் கோடு தேயிலைச் செடியோடு முடியும், மறு பக்கம் ஓடைக்கு இறங்கும். கீழ்ப்பக்கத்து மூலையில் மே மாதத்திலிருந்து தண்ணீர் நிற்கும். அந்த மூலைக்கு ஒரு பந்து போய்விட்டால், சேற்றில் குதிகாலை ஊன்றித் திரும்புவதற்குள் என் முழங்கால் ஒரு பக்கமும் சப்பாத்து ஒரு பக்கமும் போன நாட்கள் உண்டு. அந்த வலி எனக்கு இன்றும் மழைக்காலத்தில் வரும்.

சார்ள்டன் பயிற்றுவிப்பாளராகச் செய்தது, தான் பயந்ததை எதிரணிக்குக் கொடுத்ததுதான். அதன் முதல் வடிவம் மிடில்ஸ்பரோவில் தெரிகிறது. 1973இல் அங்கே போன அவர் முதல் பருவத்திலேயே அணியை இரண்டாம் பிரிவில் முதலாவதாக்கினார். வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டும் கொடுத்த காலத்தில், அடுத்த அணியைவிட 15 புள்ளி அதிகம். முன்களத்தில் நிற்பவரை விதிப்படி ஆட முடியாத இடத்தில் சிக்கவைக்கும் ஒஃப்சைட் வலையை எதிரணிகள் விரிப்பதற்காகப் பின்வரிசையை மேலே கொண்டுவந்தபோது, அலன் ஃபொகனைப் பின்னாலிருந்து ஓடவிட்டு, அந்த வரிசையைத் தாண்டிப் பந்தைப் போடச்செய்தார். பிறகு ஷெஃபீல்ட் வென்ஸ்டேயை 1980இல் மூன்றாம் பிரிவிலிருந்து மேலேற்றினார். நியூகாசிலில் ஒரே பருவம் இருந்து, ரசிகர்கள் கூச்சலிட்ட பின் விலகினார். 1977இல் இங்கிலாந்து அணியின் பொறுப்புக்கு விண்ணப்பித்ததற்குப் பதில்கூட வரவில்லை. இந்தப் பன்னிரண்டு வருடமும் ஒரு தயாரிப்பு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

அயர்லாந்து: கோல்களே சாட்சி

1986 பெப்ரவரியில் அயர்லாந்துக் குடியரசின் அணிக்கு அவர் பொறுப்பேற்றார். அதுவரை அந்த நாடு எந்தப் பெரிய சுற்றுப்போட்டியின் இறுதிக் கட்டத்துக்கும் போனதில்லை. அந்த வருடம் மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணத்தைக் கூர்ந்து பார்த்த சார்ள்டன், ஏறக்குறைய எல்லா நாடுகளும் பின்வரிசையிலிருந்து நிதானமாகப் பந்தைக் கடத்தி, நடுக்களத்து ஆட்டக்காரர் ஒருவர் வழியாக ஆட்டத்தைக் கட்டுகின்றன என்று கண்டார். அதே ஆட்டத்தை அவர்களைவிட நன்றாக ஆட அயர்லாந்தால் முடியாது. எனவே அவர்களை அந்த ஆட்டத்தை ஆடவே விடக்கூடாது என்று முடிவுசெய்தார். பந்து கிடைத்ததும் எதிரணியின் பக்கப் பின்கள வீரருக்குப் பின்னால் உள்ள மூலைக்கு அனுப்பு. அவர் திரும்பி ஓடட்டும். நம்முடைய முன்களமும் நடுக்களமும் உடனே போய் அவரை நெருக்கட்டும். தடுப்பு அங்கே, எதிரியின் கோல் பக்கத்தில், தொடங்கும்.

இது வெறும் முரட்டு உதை என்று சொல்பவர்கள் அந்த அணியின் கோல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1988 ஜூன் 12, ஐரோப்பியச் சாம்பியன்ஷிப், ஸ்டுட்கார்ட், இங்கிலாந்துக்கு எதிராக ஆறாவது நிமிடம்: கல்வினின் பந்து உள்ளே வருகிறது, இங்கிலாந்தின் இடப் பின்கள வீரர் சன்சம் அதை வெளியேற்றப் பார்த்து வானத்துக்கு அடித்துவிடுகிறார், ஒல்ட்ரிட்ஜ் தலையால் தள்ள, ரே ஹௌட்டன் தலையால் கோலாக்குகிறார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. 1990 உலகக் கிண்ணத்தில் அதே இங்கிலாந்துக்கு எதிராக: அயர்லாந்துக் காப்பாளர் பொனரின் நீண்ட உதை, அதன் தொடர்ச்சியில் தன் எல்லைக்கருகே இங்கிலாந்தின் மக்மஹோன் பந்தை இழக்கிறார், ஷீடி அடிக்கிறார். நெதர்லாந்துக்கு எதிராக: மீண்டும் பொனரின் நீண்ட உதை, பின்கள வீரர் வன் ஆர்லே தன் காப்பாளருக்கே பந்தைத் திருப்புகிறார், காப்பாளர் கைநழுவ விடுகிறார், நையல் குவின் சறுக்கி வந்து முடிக்கிறார். 1994இல் இத்தாலிக்கு எதிராக: பரேசி தலையால் வெளியேற்றிய பந்து தூரம் போகாமல் ஹௌட்டனிடம் விழுகிறது, அவர் காப்பாளரின் தலைக்கு மேலாக அனுப்புகிறார். உலகின் சிறந்த பின்கள வீரர்களில் ஒருவர் பரேசி. நான்கு கோல்களிலும் கடைசியாகத் தவறியது எதிரணியின் காலோ தலையோ கையோதான்; நான்கிலும் தவறியவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்கவில்லை. இதைத் தற்செயல் என்று சொல்லத் தற்செயல்கள் மிக அதிகம். 1994இல் மெக்சிகோவுக்கு எதிராக ஒல்ட்ரிட்ஜ் அடித்தது வேறு வகை. அது உள்ளே வந்த பந்தை நன்றாகத் தலையால் அடித்த வழமையான கோல்.

இந்த முறை எங்கே உடைந்தது என்பதையும் அதே 1990 உலகக் கிண்ணம் காட்டுகிறது. 1990 ஜூனில் எகிப்து மேலே வரவேயில்லை. பின்வரிசை தன் எல்லைக்குள்ளேயே நின்றது. முதுகுக்குப் பின்னால் பந்து போட இடமில்லை. திரும்பி ஓட எவரும் இல்லை. ஆட்டம் 0-0. அயர்லாந்துத் தொலைக்காட்சியில் விமர்சகர் ஈமன் டன்ஃபி ஆத்திரத்தில் பேனாவை எறிந்தார். அவர் எறிந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஆட்டத்தை இன்று முழுதாகப் பார்ப்பவருக்கும் எதையாவது எறியத் தோன்றும். அந்த உலகக் கிண்ணத்தில் ஐந்து ஆட்டங்களில் அயர்லாந்து அடித்தது இரண்டு கோல், வாங்கியது மூன்று. உரிய நேரத்தில் ஒரு வெற்றியும் இல்லை. நெதர்லாந்தும் அயர்லாந்தும் புள்ளியிலும் கோல் கணக்கிலும் சமமாக நின்றதால் சீட்டுக் குலுக்கித்தான் இரண்டாம் இடம் தீர்மானிக்கப்பட்டது. அயர்லாந்துக்கு ருமேனியாவும் நெதர்லாந்துக்கு மேற்கு ஜேர்மனியும் வந்தன. ருமேனியாவைப் பெனால்டியில் தாண்டி, கால் இறுதியில் ரோம் நகரில் இத்தாலியிடம் 0-1 என்று தோற்றார்கள். ஒரு வெற்றிகூட இல்லாமல் உலகின் முதல் எட்டுக்குள் வந்த இந்தக் கணக்கை ஒரு பின்கள வீரர்தான் எழுத முடியும்.

பாட்டியின் ஊர்

அந்த அணியில் அயர்லாந்துக்கு வெளியே பிறந்தவர்கள் பலர். ஹௌட்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர், ஒல்ட்ரிட்ஜ் லிவர்பூலில். தாய் தகப்பனோ பாட்டன் பாட்டியோ அயர்லாந்தில் பிறந்திருந்தால் ஆடலாம் என்ற விதியைச் சார்ள்டன் உண்டாக்கவில்லை. ஆனால் அதை அவரைப் போல் தேடித்தேடிப் பயன்படுத்தியவர் அதற்கு முன் இல்லை. பஞ்சத்தாலும் வேலைக்காகவும் கடல் கடந்துபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பச்சைச் சட்டை கொடுத்தார்.

மலையகத்தில் இருந்து இதைப் படிக்கும்போது மனம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் பாட்டனைப் பற்றித்தான் கேட்டது. இந்த மண்ணில் பிறந்தவரிடமே, தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாத லயங்களில் அந்தச் சான்று எங்கே இருக்கும்? கடைசியாக 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அந்தக் கேள்வி முழுதாக ஓயவில்லை. ஒரே கேள்வி ஓரிடத்தில் ஆளை உள்ளே எடுக்கவும் இன்னோரிடத்தில் வெளியே தள்ளவும் பயன்பட்டிருக்கிறது. இது ஆட்டத்துக்கு வெளியே போகும் பேச்சு என்பது தெரியும். ஆனாலும் ஹௌட்டன் அடித்த கோலை எங்கள் பையன்களுக்குக் காட்டும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

கொடுத்த விலை

முறை ஒன்றைக் கட்டினால் அதற்குள் அடங்காதவர்கள் இருப்பார்கள். லியம் பிரடி, காலடியில் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் அருமையான நடுக்கள வீரர். சார்ள்டனின் ஆட்டத்தில் பந்து அவருடைய தலைக்கு மேலாகப் பறந்தது. 1989இல் மேற்கு ஜேர்மனியுடனான நட்புறவு ஆட்டத்தில் இடைவேளைக்கு முன்பே அவரை வெளியே எடுத்தார். பிரடியின் சர்வதேச வாழ்வு ஏறக்குறைய அத்துடன் முடிந்தது. டேவிட் ஓலியரி, பந்தை ஏந்தி அழகாக வெளியே கொண்டுவரும் பின்கள வீரர்; அவரும் நீண்ட காலம் ஒதுக்கப்பட்டார். 1990இல் ருமேனியாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை அடித்து அயர்லாந்தைக் கால் இறுதிக்கு அனுப்பியவர் அதே ஓலியரிதான். சார்ள்டன் ஓலியரியை ஒதுக்கியதற்குத் தனிப்பட்ட காரணங்களும் சொல்லப்பட்டன. என் கணிப்பில், ஒரு ஸ்டொப்பர் இன்னொரு ஸ்டொப்பரிடம் தன்னைப் போன்றவனைத் தேடினார்; அது கிடைக்காதபோது பொறுமை இழந்தார்.

போல் மக்ராத்திடம் மட்டும் அவருடைய பொறுமைக்கு எல்லை இருக்கவில்லை. முழங்கால்கள் பலமுறை அறுவைச் சிகிச்சை கண்டவை. மதுப்பழக்கத்தோடு தான் போராடியதை மக்ராத் தானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பயிற்சியில் அவர் கொஞ்சமே ஓடினார், சில நாள் ஓடவேயில்லை. பின்கள வீரரான அவரைச் சார்ள்டன் நடுக்களத்திலும் நிறுத்தினார். 1994இல் இத்தாலிக்கு எதிராகப் பின்களத்தில் அவர் ஆடியது அந்த அணி கண்ட மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தால் கெட்டுப்போன நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு பயிற்றுவிப்பாளர் யாரை விடக்கூடாது, எவ்வளவு தூரம் விட்டுப்பிடிக்கலாம் என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் கற்றுக்கொள்ள முயல்கிறேன்.

இதற்குள் விதியும் மாறியது. 1990 உலகக் கிண்ணத்தில் 52 ஆட்டங்களில் 115 கோல்களே விழுந்தன. 1992இலிருந்து, சக வீரர் காலால் திருப்பிக்கொடுத்த பந்தைக் காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது என்றானது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சார்ள்டனுக்கு ஆதாயம்: நெருக்கப்பட்ட பக்கப் பின்கள வீரருக்குத் தப்பிக்கும் கதவு மூடப்பட்டது. ஆனால் அயர்லாந்தின் பின்களமும் அதே கதவால்தான் தப்பிவந்தது. பொனருக்குத் திருப்பிக்கொடுப்பதும் அவர் கையால் எடுத்து நீள உதைப்பதும் அவர்களுடைய ஆட்டத்தின் மூச்சு. 1994இல் இத்தாலியை வென்ற பிறகு மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்தான். குழுவில் நான்கு அணிகளும் நான்கு புள்ளியோடு நின்றன. வெயிலில் வீரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது பற்றி அதிகாரிகளோடு மோதிய சார்ள்டன், நோர்வேயுடனான ஆட்டத்தில் கோட்டோரம் நிற்கத் தடைபெற்றார். அடுத்த சுற்றில் ஒர்லாண்டோவின் வெயிலில் நெதர்லாந்து 2-0 என்று வென்றது. நாள் முழுதும் எதிரியைத் துரத்தும் ஆட்டத்துக்கு வயதும் வெயிலும் ஒத்துவரவில்லை. 1995 டிசம்பர் 13ஆம் திகதி லிவர்பூலின் என்ஃபீல்ட் மைதானத்தில் அதே நெதர்லாந்து, கிளைவர்ட்டின் இரண்டு கோல்களால், மீண்டும் 2-0. பின்னாலிருந்து நிதானமாகக் கட்டும் ஒரு இளம் அணி, நெருக்க வந்த அயர்லாந்தைச் சுற்றிச் சுற்றிப் பந்தைக் கடத்தியது. சார்ள்டன் அத்துடன் விலகினார். அடுத்த வருடம் அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. 2020 ஜூலை 10ஆம் திகதி, 85 வயதில் காலமானார்.

எங்கள் மைதானத்தில்

சார்ள்டனின் முறையை நான் எங்கள் பையன்களிடம் சோதித்தது ஒரு மழைக்காலத்தில். கீழ்ப்பக்கத்து மூலையில் நிற்கும் தண்ணீரைப் பற்றி மேலே சொன்னேன். என்னை விழவைத்த அந்த மூலையையே குறி ஆக்கினேன். பந்து அங்கே போனால் வெளியே ஓடாது, தண்ணீரில் நின்றுவிடும். எதிரணியின் பக்கப் பின்கள வீரன் திரும்பி, சேற்றுக்குள் இறங்கி, கோலைப் பார்த்தபடி அதை எடுக்க வேண்டும். இரண்டு பேர் அவன் மேல் போவார்கள், மூன்றாமவன் அவன் உதைக்கக்கூடிய ஒரே வழியில் நிற்பான். மூன்றாமவன் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கற்றுக்கொடுக்கக் கடினமாக இருந்தது. பையன்கள் மூவரும் பந்தை நோக்கியே ஓடுவார்கள். கடைசியில் அந்த இடத்தில் ஒரு கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்து, கூடையைத் தொட்டபடி நில் என்றேன். பிடித்துக்கொண்டார்கள். அந்த வருடம் அயல் தோட்டங்களோடு ஆடிய சுற்றுப்போட்டியில் இறுதியாட்டம்வரை போனோம். இறுதியாட்டம் டவுன் மைதானத்தில்; அங்கே தண்ணீர் நிற்கவில்லை, பந்து கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தோற்றோம்.

அணியில் இடதுகால் பையன் ஒருவன் இருந்தான். காலில் பந்து பட்டால் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அப்படி ஆடுவான். நான் மூலையைக் குறிவைத்த மாதங்களில் பந்து அவன் தலைக்கு மேலாகவே போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பயிற்சிக்கு வரவில்லை, மறுநாளும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, கொழும்பில் கடையொன்றில் வேலைக்குப் போய்விட்டான் என்றார் அவனுடைய அம்மா. வேலைக்குப் போனது வீட்டுக் கஷ்டத்தால்; ஆனால் அந்த வாரமே போனதற்கு நானும் ஒரு காரணம் என்பது எனக்குத் தெரியும். பிரடியைப் பற்றிப் படித்தது அதற்குப் பிறகு.

போன தீபாவளிக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். மறுநாள் மாலை, மழை விட்ட நேரம், லயத்துப் பெரியவர்களும் பையன்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடினோம். நான் பழைய இடத்தில், ஸ்டொப்பராக. பந்து என்னிடம் வந்தது. மூலை திறந்து கிடந்தது, பழக்கத்தில் என் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. அவன் பத்து யார் தூரத்தில், முதுகில் ஆளை வைத்துக்கொண்டு, உள்ளங்கையைக் கீழே காட்டி நின்றான். "அண்ணே, காலுக்குக் குடுங்க," என்றான். நான் காலுக்குக் கொடுத்தேன்.